வரப்போகிறவர் நாற்காலி

நகராட்சிக் கூட்ட அறையில் நாற்காலிக்கு அடிதடி சகஜம். மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பதைப் பிடிக்கக் கூட்டத்துக்கு முன்பே கைக்குட்டை போட்டு வைப்பார்கள். ஆணையரின் பார்வை படாத மூலைக்கு அதைவிடப் பெரிய போட்டி. ஆனால் நீண்ட மேசையின் கடைசியில், ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் பச்சை வர்ணம் அடித்த மர நாற்காலியில் மட்டும் எவரும் தாமாகப் போய் உட்கார மாட்டார்கள். அதற்கு வரப்போகிறவர் நாற்காலி என்று பெயர்.

முன்பு ஒரு காலத்தில் ஓர் ஆலோசகர் வந்தார். வந்தவர் திரையில் படம் படமாகக் காட்டினார், காபியாகக் குடித்துத் தீர்த்தார், போகும்போது ஒரு யோசனையை விட்டுவிட்டுப் போனார். ஊரைப் பற்றி முடிவெடுக்கும்போது இன்னும் பிறக்காதவர்களையும் கேட்க வேண்டும், அவர்களுக்கென்று ஒரு நாற்காலி போடுங்கள், யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து, நூறு வருடம் கழித்து இங்கே வாழ்கிறவராகத் தம்மை நினைத்துக்கொண்டு பேசட்டும் என்றார். யோசனை நல்லதா கெட்டதா என்றெல்லாம் அலுவலகங்களில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஒரு தடவை செய்துவிட்டால் அது வழக்கம். வழக்கத்தை நிறுத்த வேண்டுமென்றால் ஓர் உத்தரவு வேண்டும். உத்தரவு போட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகவே வருடா வருடம், அந்த வருடத்தில் ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் தண்ணீருக்கும் எந்த வேலையை முதலில் எடுப்பது என்று முடிவு செய்கிற வரிசைக் கூட்டத்தில், முறை வைத்து ஒவ்வொரு பிரிவும் ஓர் ஆளை அந்த நாற்காலிக்கு அனுப்பும். ஒரு வருடம் சுகாதார ஆய்வாளர் உட்கார்ந்து, "நூறு வருஷம் ஆச்சு, எங்க தெரு விளக்கு இன்னும் எரியல" என்று ஆரம்பித்து, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இன்னொரு வருடம் பூங்காப் பிரிவின் எழுத்தர் நடிக்க ஆரம்பித்து நிஜமாகவே அழுதுவிட்டார். அவருக்கு லீவு கொடுத்து அனுப்பினார்கள். மற்றபடி எல்லா வருடமும் வரப்போகிறவர்கள் மரம் வேண்டும், குளம் வேண்டும், எங்களை மறக்காதீர்கள் என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வரிசையை எழுதுகிறவள் பருவநிலைப் பிரிவின் தலைவி. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளும், கணினிக்கு ஓர் ஆளும், ஓடாத லிப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையும்தான். சேர்ந்த புதிதில் தெருத் தெருவாக மரக்கன்று நட்டதால் அலுவலகத்தில் அவளுக்கு 'மரம் மேடம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் அவளே தொலைபேசியில், "மரம் மேடம் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பேருந்து, குப்பை, கூரைமேல் சூரியத் தகடு என்று சின்ன வேலைகள் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். பெரிய வேலை என்பது வருடத்துக்கு ஒன்றுதான். அதற்குமேல் இயந்திரமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த வருடம் இரண்டு பெரிய வேலைகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்று, ஊருக்கு மேற்கே மேட்டில் இருக்கும் பெரிய ஏரி. தூர்ந்துபோய், புதர் மண்டி, சொன்னால்தான் ஏரி என்று தெரியும். ஆனால் ஊரின் அடியில் இருக்கிற தண்ணீர் எல்லாம் அதன் தயவு. இந்த வருடம் தூர் வாரிக் கரை கட்டாவிட்டால், அது வெறும் மனை என்று வளைத்துப்போட ஆட்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். இன்னொன்று, கிழக்கே ஆற்றங்கரைக் குடியிருப்பு. ஆறு ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அங்கே தடுப்புச் சுவரும், தெருவில் ஏறும் தண்ணீரை இறைத்துத் தள்ளப் பம்புகளும் வேண்டும்.

மரம் மேடம் வாரக்கணக்காக உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தாள். சுவர் ஒரு குடியிருப்பைக் காக்கும். ஏரி முழு ஊரையும் காக்கும். முதல் இடத்தில் ஏரி, இரண்டாவது இடத்தில் சுவர் என்று எழுதினாள். நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம், அது நேர்மையான கணக்கு. அதில் இருந்த ஒரே சங்கடம், ஆற்றங்கரையில் முதல் தெருவில் அவளுடைய அக்கா குடியிருந்தாள்.

கூட்டத்தன்று காலையிலேயே அக்கா போன் செய்துவிட்டாள்.

"என்னடி, எங்க சுவர் மொதல்ல வருதா?"

"கூட்டம் முடியட்டும்க்கா."

"முடியறதுக்கு என்ன இருக்கு? எழுதறவ நீ. கூடப் பொறந்தவளுக்கு ஒரு சுவர் எழுதினா கை தேஞ்சிடுமா?"

"வீட்ட மாத்துன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். நீ காதுல வாங்கினாத்தானே."

"மாத்தறேன். இத எவன் வாங்குவான்? ஆத்துக்கிட்டயே வித்துடட்டுமா?"

அதற்குள் அக்காவின் சின்ன மகன் போனைப் பிடுங்கிவிட்டான். மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்றே தெரியாத பிள்ளை. அவனுக்கு டமாரம் என்று பெயர் வைத்ததே இவள்தான். வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "சித்தீ! என் பல்லு விழுந்துடுச்சு! ரத்தம் வந்துச்சு, நான் அழவே இல்ல!" என்று அவன் கத்தியதில் இவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். சுவர் இரண்டாவது இடத்துக்குப் போனதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் வந்து விழுந்த பல்லைப் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம். வெளியே வெயில் சுட்டெரித்தது. ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்ததால் அறை முழுவதும் ஒரு பழுப்பு வெளிச்சம். அவள் உள்ளே வந்தபோது வரப்போகிறவர் நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி முடித்த வயது இருக்கும். நல்ல புஷ்டியான கன்னம், தண்ணீர் காணாமல் வாடியதே இல்லை என்று சொல்லும் தோல். மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் சதையைப் பிடித்துக்கொண்டிருந்தன. உடுத்தியிருந்தது சாதாரணச் சட்டைதான். ஆனால் அதில் தையல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் கண்ணுக்கு அகப்படவில்லை. அவள் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தாள், சுவரில் ஓடிய ஒயரைப் பார்த்தாள். பிறகு உள்ளே வருகிற ஒவ்வொரு முகத்திலும் கொஞ்ச நேரம் கண்ணை நிறுத்தினாள். முன்பே படத்தில் பார்த்த முகங்களை நேரில் சரிபார்த்துக்கொள்வது போல இருந்தது அது.

குடிநீர்ப் பொறியாளர் மரம் மேடத்தின் பக்கம் சாய்ந்தார். "உங்க ஆளா?"

"இல்லையே. உங்க பிரிவு அனுப்பினதுன்னு நெனச்சேன்."

"எங்க முறை போன வருஷமே முடிஞ்சிடுச்சே" என்று அவர் அவசரமாகச் சொன்னார். அவருக்கே அது நிச்சயமில்லை. எந்தப் பிரிவின் முறை என்பது எப்போதோ குழம்பிவிட்டது. இப்போது எழுந்து, யாரம்மா நீ என்று கேட்டால், முறை தங்களுடையது, ஆள் அனுப்ப மறந்துவிட்டோம் என்று தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அறையில் இருந்த அத்தனை பிரிவுத் தலைவர்களுக்கும் அதே பயம். எனவே எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்து, தங்கள் வீட்டுப் பெண் போலப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

ஆணையர் வந்தார். அவருக்கு எப்போதும் இன்னொரு கூட்டம் உண்டு. உட்காரும்போதே, "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார். "மொதல்ல நம்ம சம்பிரதாயம். ஏம்மா, வரப்போகிறவங்க என்ன கேக்கறாங்க? சுருக்கமாச் சொல்லு."

பெண் எழுந்து நின்றாள்.

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சிரிப்பு எழுந்தது. அந்த நாற்காலியிலிருந்து யாரும் இதுவரை நன்றி சொன்னதில்லை. ஆணையர்கூடக் கடிகாரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க ஏரிய மொதல்ல வச்சீங்களாம்" என்றாள் பெண். "அதனாலதான் நாங்க இருக்கோம். எங்களச் சுத்தி இருந்த ஊருங்க எல்லாம் காலியாயிடுச்சாம், எங்க ஊர் மட்டும் நின்னுச்சாம். நாங்க ஏரியிலதான் நீச்சல் கத்துக்கிட்டோம். கோடையிலகூட ராத்திரி ஜன்னலத் தொறந்து வச்சா ஈரக்காத்து வரும். எங்க எல்லார் சார்பாவும் நன்றி."

மரம் மேடத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை வருடக் கேலிக்கும், ஓடாத லிப்டுக்கும் சேர்த்து யாரோ கூலி கொடுத்தது போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் உறைத்தது. வரிசையை இன்னும் யாரும் படிக்கவில்லை. முதலில் ஏரி என்பது அவள் கையிலிருந்த உறைக்குள் இருந்தது. குடிநீர்ப் பொறியாளருக்கு மட்டும் ஜாடையாகச் சொல்லியிருந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, கெட்டிக்காரி என்று அதற்கு அர்த்தம்.

பெண் இன்னும் உட்காரவில்லை. "ஆத்தங்கரைக்காரங்களுக்கும் நன்றி சொல்லணும். ஏரி வர்றதுக்காகச் சுவர் இல்லாம இருந்தது அவங்கதானே. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துல எழுந்து நின்னு அவங்க பேரப் படிப்போம். சின்னப் பிள்ளைங்களுக்குக்கூட மனப்பாடம்."

சொல்லிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அவை உயிரோடு இருக்கிறவர்களின் பெயர்கள். அன்றைக்குக் காலையில் பல் விளக்கி, பால் வாங்கி, பேருந்தைத் தவறவிட்டவர்களின் பெயர்கள். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் சத்தம், நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்த நாடகம். யாரோ பிஸ்கட் தட்டைச் சத்தமில்லாமல் நகர்த்தினார்கள். மரம் மேடத்துக்கு மட்டும் தெருமுனை மருந்துக் கடைக்காரரின் பெயர் கேட்டதும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. அடுத்து அக்காவின் மாடியில் குடியிருக்கும் டீச்சர் பெயர் வந்தது. அதற்கடுத்து டீச்சரின் அம்மா. பெண் தெருவில் நடந்து வருவது போல வீடு வீடாக வந்துகொண்டிருந்தாள். வேண்டாம், அந்த வீட்டுக்கு வராதே என்று மரம் மேடம் மனதுக்குள் கெஞ்சினாள்.

அக்கா வீட்டுக்காரரின் பெயர் வந்தது. அக்காவின் பெயர் வந்தது. அக்கா மகளின் பெயர் வந்தது.

"டமாரம்" என்றாள் பெண். அதே ராகத்தில், அடுத்த வீட்டுக்குப் போனாள்.

எல்லாம் முடிந்ததும் கைதட்டினார்கள். ஆணையரே தட்டினார். "பிரமாதம்! இந்தப் பொண்ண எந்தப் பிரிவு அனுப்பினீங்களோ, பாராட்டுகள்" என்றார். உடனே மூன்று பிரிவுத் தலைவர்கள் அடக்கமாகத் தலை குனிந்தார்கள்.

"நடுவுல ஒரு பேரு சொன்னியே" என்றாள் மரம் மேடம். தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது. "டமாரம்னு."

"அது வீட்டுப் பேருங்க. அந்தப் பையனோட சித்தி ஒருத்தங்கதான் அடையாளம் காட்டினாங்களாம். நிஜப் பேரச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்களாம். அவங்களுக்கு அழுகையில அந்தப் பேருதான் வாயில வந்துச்சாம். அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்களாம்."

"எப்போ?"

"அந்த மழையிலதான். சுவர் எழும்பறதுக்கு முன்னாடி வந்துச்சே."

"மழை வருதுன்னு தெரிஞ்சதும் அவங்கள வேற இடத்துக்குக் கொண்டு போகலையா?"

"நீங்க வண்டியெல்லாம் அனுப்பினீங்களாம். வீட்ட விட்டு யாரும் வரலையாம்."

அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது. ஆத்துக்கிட்டயே வித்துடட்டுமா? இப்போதே போய் அக்காவின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று மரம் மேடம் நினைத்தாள். இழுத்தால் வருகிறவளா அவள்? அப்படியே வந்தாலும் மருந்துக் கடைக்காரர்? டீச்சரின் படுத்த படுக்கையான அம்மா?

"மேடமும் நல்லா ஈடுகொடுக்கறாங்க" என்று யாரோ சிரித்தார்கள். ஆணையர் கடிகாரத்துக்குத் திரும்பிவிட்டார். "சரி, சம்பிரதாயம் முடிஞ்சுது. வரிசையப் படிங்க மேடம்."

அவள் உறையைப் பிரித்தாள். தாளில் முதல் வரியில் ஏரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "முதல் இடம், ஆற்றங்கரைத் தடுப்புச் சுவர்" என்று படித்தாள்.

குடிநீர்ப் பொறியாளர் துள்ளி நிமிர்ந்தார். "என்ன மேடம் இது? ஏரின்னு தானே பேச்சு?"

"ஆத்தங்கரையில புதுசா விரிசல் விட்டிருக்கு. நேத்துப் போய்ப் பார்த்தேன்."

விரிசல் பழையது. கணக்கில் ஏற்கெனவே சேர்த்ததுதான். நேற்று அவள் ஆற்றங்கரைப் பக்கமே போகவில்லை. இத்தனை வருட வேலையில் அந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய் அது. இதுவரை சொல்லாததால் எல்லோரும் உடனே நம்பினார்கள்.

"ஏரிய இந்த வருஷம் எடுக்கலேன்னா அப்புறம் எடுக்க ஏரியே இருக்காது. சுத்தி வளைச்சிடுவாங்க" என்றார் பொறியாளர். "அது உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். அடுத்த வருஷம் மொதல் இடம் ஏரிக்குத்தான். நானே எழுதறேன்."

மேசைக் கடைசியிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"

பெண் உட்கார்ந்துவிட்டிருந்தாள். எதிரில் வைத்திருந்த தம்ளரை அதுவரை தொடவில்லை. இப்போது எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"பேசிப் பேசித் தொண்ட வறண்டு போச்சு பாவம். அந்தப் பொண்ணுக்கு ஜக்கை நகர்த்துங்கப்பா" என்றார் ஆணையர். பிறகு மேசையைத் தட்டினார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆத்தங்கரைக்காரங்க எப்படியும் என் கார மறிச்சிக்கிட்டுதான் இருக்காங்க. சுவருக்குச் சம்மதம்னா பிரிவுவாரியாக் கையத் தூக்குங்க."

சாலைப் பிரிவு கையைத் தூக்கியது. பெண் ஜக்கைச் சாய்த்து இரண்டாவது தம்ளரை நிரப்பினாள். மின்சாரப் பிரிவு தூக்கியது. பெண் தம்ளரை வைத்துவிட்டு ஜக்கையே வாயில் வைத்துக்கொண்டாள். உதட்டோரம் வழிந்த தண்ணீர் கழுத்துக்கு வருமுன்னே காய்ந்துபோனது. பக்கத்தில் இருந்த சுகாதார ஆய்வாளர் தன் தம்ளரையும் தள்ளிக் கொடுத்துவிட்டு, "வெயில் அப்படி" என்று சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. எல்லோரும் ஆணையரைப் பார்த்துக்கொண்டு, தங்கள் கை அவர் கண்ணில் படுகிறதா என்பதில் குறியாக இருந்தார்கள்.

மரம் மேடம் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு மேலே வந்திருந்தது. சதையைப் பிடித்துக்கொண்டிருந்த வளையல்கள் நழுவி விரல் முட்டி வரை வந்து நின்றன.

இப்போது வாயைத் திறந்தால் போதும். விரிசல் பழையது, நான் பொய் சொன்னேன், ஏரிதான் முதலில் என்று மூன்று வார்த்தை. ஆணையர் எரிச்சலோடு கையை இறக்கச் சொல்வார், அவ்வளவுதான். அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் வாய்ப்பாட்டு ராகத்தில் அந்தப் பெயர் மறுபடி காதில் விழுந்தது. விழுந்த பல்லைக் காட்ட வாசலிலேயே நின்றுகொண்டிருப்பான். இந்த ஊர் வேண்டும், ஏரி வேண்டும், நூறு வருடம் கழித்து வரப்போகிற அத்தனை பேரும் வேண்டும் என்றுதான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். அது பொய்யில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவளுக்கு அக்கா வேண்டும். அக்கா பெற்ற பிள்ளைகள் வேண்டும். வேறு யாரும் வேண்டாம். அப்படி நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. இருந்தும் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசியாகக் குடிநீர்ப் பொறியாளர் தலையை ஆட்டிக்கொண்டே பாதிக் கையைத் தூக்கினார். "உங்க பேச்ச நம்பித்தான் மேடம்" என்றார்.

"ஏகமனதா முடிவாச்சு" என்றார் ஆணையர்.

நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தத்துக்கிடையே அவள் தன் இருக்கையில் மிச்சமிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். பெண் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். மரம் மேடம் பாட்டிலை அவள் வாயில் வைத்துப் பிடித்தாள். குழந்தைக்குப் புகட்டுவது போலத் தலையைத் தாங்கிக்கொண்டாள். தலை சருகுபோல் லேசாக இருந்தது. தண்ணீர் உள்ளே போயிற்று. போன இடம் தெரியவில்லை.

"குடிம்மா. குடி. அடுத்த வருஷம் ஏரிதான். சத்தியமா அடுத்த வருஷம் ஏரிதான்."

பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"ஆமா" என்றாள் மெல்ல. "அப்படித்தான் சொன்னீங்களாம்."

மரம் மேடம் காலி பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை பேருடைய பெயரைச் சொன்ன பெண்ணிடம் ஒருவர்கூட அவள் பெயரைக் கேட்கவில்லையே என்பதுதான் அப்போது தோன்றியது.

"உன் பேரு என்னம்மா? சொல்லு. நான் ஞாபகம் வச்சுக்கறேன்."

பெண் வாயைத் திறந்தாள். சொல்ல மிகவும் ஆசைப்பட்டாள், அது முகத்தில் தெரிந்தது. வெடித்த உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன, மறுபடி சேர்ந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சத்தம் வரவில்லை.

"மேடம், கையெழுத்து!" என்று ஆணையர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "எனக்கு இன்னொரு கூட்டம்."

அவள் திரும்பினாள். ஆணையரின் உதவியாளர் மேசையிலிருந்து எடுத்து நீட்டிய அவளுடைய தாளில் ஏரியை அடித்து, சுவரை மேலே எழுதி, கையெழுத்துப் போட்டாள். மறுபடி திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் திரை அசையவில்லை. மேசையின் அந்தப் பக்கம் இருந்த தம்ளர்கள் எல்லாம், துணியால் துடைத்து வெயிலில் வைத்து எடுத்தவை போல, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தன.

"நல்ல பொண்ணு, எந்தப் பிரிவுன்னே கடைசி வரைக்கும் தெரியல" என்று பொறியாளர் சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

எல்லோரும் போன பிறகு அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். சுவர்தான் முதலில் என்றதும் அக்கா கத்திய கத்தலில் மாடி வீட்டு டீச்சர் ஓடி வந்துவிட்டார் போலிருந்தது. யாரோ யாரிடமோ சொன்னார்கள், யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிற சத்தம். டமாரம் என்னவென்று புரியாமலே எல்லோருக்கும் மேலே கத்தினான்.

"நீ நல்லா இருப்பேடி" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "உன்ன எவ்வளவு திட்டியிருக்கேன். எங்களுக்காகத்தானே பண்ணினே?"

"உங்களுக்காகத்தான்."

"அப்புறம் ஏன்டி அழறே?"

"ஒரு பொண்ணு பேரக் கேட்டேன்க்கா. சொல்லணும்னு வாயத் தொறந்தா. சொல்றதுக்குத் தொண்டையில ஈரம் இல்ல."

"எந்தப் பொண்ணு? யார் வீட்டுப் பொண்ணு?"

"தெரியலக்கா. இன்னும் பொறக்கல."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலை வேலை என்று அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டாய், நேரே இங்கே வா, முதலில் வந்து சாப்பிடு என்றாள்.